திடலும் திரையும் – 14: பாலிங் அறையில் தரையில் உட்கார்ந்தவர்கள்

சென்ற இதழில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். 1946, 47-ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமியின் தலைமையில் கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பிய தொண்டர் படை, வேலை முடிந்த நேரத்தில் அணிவகுத்துப் பயிற்சி செய்தது. லயத்து வாசலில் நின்று அதைப் பார்த்த சனம்தான் பிறகு மறியலிலும் போய் நின்றது. பார்க்க வந்தவர் பங்காளியாக மாறுகிற அந்தக் கணத்தைத்தான் இந்தத் தொடரில் இதழ் இதழாகத் தேடி வருகிறேன். நாடகமோ படமோ ஊர்வலமோ, கெடாத் தமிழர்கள் பார்த்து முடித்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் மட்டும் அல்லர்.

இந்த இதழில் பாலிங் போகிறோம். போகிற வழியில் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு தோட்டத்துப் பந்துத் திடலில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவோம். அந்தத் திடலைப் பார்க்காமல் பாலிங் புரியாது.

அறுபதுகளில் எங்கள் தோட்டத்தில் படம் என்றால் மாதம் ஒரு நாள், சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை. மத்தியானமே வேன் வந்துவிடும். இரண்டு கம்பம் நட்டு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். மலாய்க்காரர்கள் இதற்கு ‘வாயாங் பாச்சாக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பாச்சாக் என்றால் கம்பத்தைக் குத்தி நிறுத்துவது. வாயாங் என்பது நிழல்கூத்துக்கும் நாடகத்துக்கும் அவர்கள் வைத்திருந்த பழைய சொல்; சினிமா வந்தபோது அதுவே சினிமாவுக்கும் ஆகிவிட்டது. வேற்று நாட்டிலிருந்து வந்த புது வித்தையைத் தங்கள் கூத்தின் குடும்பத்தில் சேர்த்துக்கொண்ட அந்தச் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும்.

முன் வரிசையில் கிராணிமார் வீட்டு நாற்காலிகள். அதற்குப் பின்னால் பாய், சாக்கு, பழைய சேலை விரித்து மற்றவர்கள். பொழுது சாய்வதற்குள் இடம் பிடிக்காதவர்களுக்குத் துணியின் மறுபக்கம்தான் மிச்சம். நான் பெரும்பாலும் மறுபக்கத்துக்காரன். அங்கே இடம் வலமாகும், வலம் இடமாகும். எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் ‘வணக்கம்’ என்ற சொல்லை வலமிருந்து இடமாகப் படித்துவிட்டு, இது என்ன பாஷை என்று அக்காவைக் கேட்டேன். ரீல் மாற்றுகிற இடைவெளியில் மின்பொறியின் சத்தம் மட்டும் கேட்கும். கச்சாங் பூத்தேக்காரர் அப்போதுதான் ஒரு சுற்று வருவார்.

ஒரு காட்சி கண்ணிலேயே இருக்கிறது. ‘திருவிளையாடல்’ 1965-இல் வந்த படம். எங்கள் திடலுக்கு வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். சிவன் வருகிற கட்டத்தில், கூட்டத்தின் நடுவிலிருந்து என் அம்மா எழுந்தார். கையில் ஒரு பால் மங்கு. காலையில் மரத்தடியில் பால் பிடிக்கிற அதே பீங்கான் மங்குதான். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் சூடத்தை வைத்து ஏற்றி, துணிக்கு முன்னால் போய் நின்று மூன்று சுற்றுச் சுற்றினார். வேனிலிருந்து வந்த வெளிச்சம் அவர் முதுகில் பட்டு, அவருடைய நிழல் துணியில் விழுந்தது. சிவனின் காலடியில் அம்மாவின் கை நிழல். யாரும் மறைக்குது என்று கத்தவில்லை. படம் ஓட்டியவர் ஒலியைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா வந்து உட்கார்ந்த பிறகு ஒலியைக் கூட்டினார்.

அந்த ஒரு நிமிடம் அது படமா, பூசையா, நாடகமா? அம்மா பார்வையாளரா, பாத்திரமா? அன்று இந்தக் கேள்வி யாருக்கும் எழவில்லை. உலகத்தின் பெரிய கலைக்கூடங்களில் இன்று ‘நிறுவல் கலை’ என்ற பெயரில் இருட்டறை கட்டி, சுவரெல்லாம் படம் ஓடவிட்டு, நடிகர்களை நடுவில் உலவவிட்டு, பார்க்க வந்தவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்க ஓவியர் ஆலன் காப்ரோ 1959-இல் நியூயார்க்கில், வந்தவர்களுக்கே வேலை கொடுத்து அறை அறையாக நகர்த்தி ஒரு நிகழ்வு நடத்தினார். 1967-இல் மாண்ட்ரியால் உலகக் கண்காட்சியில் செக் நாட்டுக்காரர் ராடூஸ் சின்செரா, நாற்காலிக்கு நாற்காலி பொத்தான் வைத்து, கதை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பார்வையாளரையே வாக்களிக்கச் சொன்ன ஒரு படத்தை ஓட்டினார். கலை வரலாறு இவற்றைத் தொடக்கங்களாக எழுதுகிறது. எழுதட்டும், அவர்கள் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் நம் கணக்கு அதற்கு வெகு முந்தியது.

தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். களத்து மேட்டில் மண்ணால் துரியோதனன் உருவம் ஒன்றைப் படுக்க வைத்துப் பிசைந்து செய்திருப்பார்கள். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளம். கூத்தில் வேடம் கட்டியவர்கள் மேடையிலிருந்து இறங்கி அந்த மண் உடம்பின் மேலேயே ஏறிச் சண்டை போடுவார்கள். தொடை பிளக்கும்போது பெண்கள் மாரடித்து அழுவார்கள்; முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடியை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். சிலை, நாடகம், கூட்டம் மூன்றுக்கும் நடுவில் கோடு கிடையாது. அந்த ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் எங்கள் திடலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எழுந்து போய்ச் சூடம் காட்டியது அவருக்கு மிக இயல்பான செயல்.

இதுவரை சொன்னது இனிப்பான பக்கம். பார்க்கிறவரை உள்ளே இழுத்துக்கொள்கிற வித்தைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சிதறியது. சில நாள்களில் கெடா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது. 1942-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட ஆரம்பித்தார்கள். 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. அந்தப் பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர் தொகையை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது லாரியில் அள்ளினார்கள். இன்னொரு வழியும் இருந்தது. அதே ரயில்பாதையில் போர்க் கைதிகளாக உழைத்த வெள்ளையர்களின் குறிப்புகளில் அது பதிவாகியிருக்கிறது: மலாயா நகரங்களின் கொட்டகைகளில் இலவசப் படம் என்று அறிவிப்பு. கூட்டம் நிரம்பியதும் கதவைப் பூட்டுவது. உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றுவது.

படம் பார்க்கப் போனவன் சயாம் போய்விட்டான். எங்கள் பாட்டி, திடலில் படம் போடுகிற இரவுகளில் வீட்டு வாசற்படியை விட்டு இறங்கமாட்டார். வேன் ஒலிபெருக்கியில் “படம், படம், இலவசப் படம்” என்று சொல்லிக்கொண்டு வந்தால் உள்ளே போய்விடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பின்னாளில் அந்தக் குறிப்புகளைப் படித்தபோதுதான் பாட்டியின் வாசற்படி எனக்கு விளங்கியது.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் 1946-இல் மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. அரசாங்கச் செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் எடுப்பது அதன் வேலை. 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது அந்தப் படங்களை ஏற்றிக்கொண்டு தகவல் இலாகா வேன்கள் தோட்டம் தோட்டமாக, புதுக்கிராமம் புதுக்கிராமமாக ஓடின. கையில் ஒலிவாங்கியோடு ஒருவர் வேனருகே நின்று தமிழில் விளக்கம் சொல்வார். மௌனப்பட காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்கள் உண்டு. ஜப்பானில் அவர்களைப் பென்ஷி என்று கொண்டாடினார்கள். நம் தோட்டங்களில் அந்த வேலையை அரசாங்கச் சம்பளக்காரர் செய்தார். அதே படம், விளக்கம் சொல்கிறவரின் வாய்க்குத் தக்கபடி கூலிமில் ஒரு மாதிரியும் கோலக்கெட்டிலில் ஒரு மாதிரியும் ஆகும். அந்தக் குரல்கள் எங்கும் பதிவாகாமல் காற்றில் போய்விட்டன. இந்தத் தொடருக்காகத் தேடியவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த இழப்பு இது.

அந்த நாள்களில் பார்வையாளர் உட்கார்ந்திருந்த இடத்தையும் நினைவில் வைக்கவேண்டும். 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, சிதறிக்கிடந்த லயங்களைப் பிடுங்கி ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். வாசலில் காவல். வேலைக்குப் போகிறவர் கையில் சோறு கொண்டுபோகக்கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். இரவில் ஊரடங்கு. வேலிக்குள்ளே துணி கட்டி, காட்டுக்காரர்களை நம்பாதீர்கள் என்று படம் காட்டினார்கள். காட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அதிகாலை இருட்டில் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி வந்து, அந்தப் படத்தையும் பார்த்த மனிதர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது பாலிங் வந்துவிட்டோம்.

ஊரின் முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கல் மலை நிமிர்ந்து நிற்கிறது. பாலிங் என்ற சொல்லுக்கு மலாயில் ‘எறிதல்’ என்று பொருள். கோரைப்பல் முளைத்து, மனித ரத்தத்துக்கு அடிமையாகிப்போன ராஜா பெர்சியோங், கடைசியில் தன் பல்லைப் பிடுங்கி எறிந்தான், அது விழுந்த இடம் பாலிங் என்று ஊர்க்கதை. அந்தக் கதையைப் படத்துக்கு எழுதிக் கொடுத்தவர் துங்கு அப்துல் ரஹ்மான். ஜமீல் சூலோங் இயக்கத்தில் 1968-இல் வெளிவந்தது. ஒரு நாட்டின் பிரதமர் பேய்க்கதைப் படத்துக்குக் கதாசிரியராக இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அலோர் ஸ்டாரில் பிறந்த கெடா ராஜகுமாரர் அவர். கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். கெடாவின் நாட்டுக்கதைகள் அவருக்கு மனப்பாடம்.

ஆனால் அவரையும் பாலிங்கையும் உலகம் சேர்த்து நினைப்பது வேறு இரண்டு நாள்களுக்காக. 1955 டிசம்பர் 28, 29.

அந்த ஆண்டு பொதுத்தேர்தலில் வென்று துங்கு முதலமைச்சர் ஆகியிருந்தார். செப்டம்பரில் பொதுமன்னிப்பு அறிவித்தார். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் பேச வருவதாகச் செய்தி அனுப்பினார். இடம், பாலிங் ஆங்கிலப் பள்ளிக்கூடம். பேராக் எல்லையில் கிளியான் இந்தான் பக்கம் காட்டிலிருந்து அவர் வெளியே வந்தார். அவரை எதிர்கொண்டு அழைத்துவர அனுப்பப்பட்டவர் ஜான் டேவிஸ். ஜப்பானியருக்கு எதிராகக் காட்டில் சின் பெங்கோடு தோளோடு தோள் நின்ற பிரிட்டிஷ் அதிகாரி. போர்க்காலத் தோழர்கள் எதிரிகளாகச் சந்தித்துக்கொண்டார்கள்.

பள்ளி வகுப்பறையில் மேசை போட்டார்கள். ஒரு பக்கம் துங்கு, சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத்தின் டான் செங் லோக். மறுபக்கம் சின் பெங், சென் தியென், ரஷிட் மைடின். சின் பெங்குக்கு அப்போது வயது 31. வெளியே நிருபர்களும் படப்பிடிப்பாளர்களும் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் எடுத்த செய்திப்படம் உலகம் முழுவதும் ஓடியது. காட்டு மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்கத் துடித்த உலகத்துக்கு, அரைக்கைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் காரிலிருந்து இறங்கி நடந்துபோவதுதான் கிடைத்தது.

பேச்சு பலிக்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சரணடையுங்கள் என்றார் துங்கு. கட்சியைச் சட்டப்படி அங்கீகரிக்கவேண்டும், சரணடைதல் என்ற சொல்லையே ஏற்கமுடியாது என்றார் சின் பெங். உள்நாட்டுப் பாதுகாப்பும் தற்காப்பும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வந்தால் சண்டையை நிறுத்துவோம் என்ற ஒரு வாக்கு மட்டும் மிஞ்சியது. அதை மடியில் கட்டிக்கொண்டு துங்கு லண்டன் போனார். 1957-இல் மெர்டேகா வந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. காட்டிலிருந்தவர்கள் 1989 டிசம்பரில் ஹாட்யாயில் கையெழுத்துப் போடும்வரை அவர்கள் சண்டை முடியவில்லை.

மேசையின் இரண்டு பக்கத்தையும் திரும்பப் பாருங்கள். தமிழர் ஒருவரும் இல்லை. அவசரகாலத்தின் முள்வேலிக்குள் வாழ்ந்தவர்களில் இலட்சக்கணக்கானோர் தமிழர். ரப்பர்ப் பொருளாதாரமே அவர்கள் முதுகில் நின்றது. ஆனாலும் அந்த வகுப்பறையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை. இடதுசாரித் தொழிற்சங்கத்தின் தலைவராக இருந்து ஒருவேளை மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் பூடு சிறையில் தூக்கிலிட்டுவிட்டார்கள். அதே நாள்களில் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். நம்மவர்கள் வரலாற்றில் பார்வையாளராக உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். அதுவும் துணியின் மறுபக்கத்தில்.

பாலிங் கதையின் இரண்டாம் பாதி நாடகக்காரர்களுடையது. அதைச் சொல்ல மறுபடி பீடோங் போகவேண்டும்.

1942-இல் பீடோங்கில் பிறந்தவர் கே. எஸ். மணியம். சிறிது காலம் தமிழ்ப்பள்ளி, பிறகு சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலப் பள்ளி. அந்த இரண்டு உலகத்துக்கும் இடையில் நடந்து நடந்து தேய்ந்த ஒரு சிறுவனை அவர் ‘தி ரிட்டர்ன்’ நாவலில் எழுதினார், 1981-இல் வந்தது. எழுதியது ஆங்கிலத்தில் என்பதால் நம்மில் பலர் அவரை நம்மவராக எண்ணவில்லை. இது நம் பிழை. பாட்டியும் நடராசர் சிலையும் லயத்துச் சண்டையும் ஆயுத பூசையும் நிரம்பிய அந்த நாவல் எந்த மொழியில் இருந்தாலும் கெடாத் தமிழ் நாவல்தான். 2000-இல் டெல்லியில் ராஜா ராவ் விருது அளித்து அவரைச் சிறப்பித்தார்கள். அந்த விருதை முதலில் பெற்றவர் அவர். 2020 பிப்ரவரியில் மறைந்தார்.

1984-இல் கோலாலம்பூரில் ‘ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்’ என்ற கலைக்குழுவைத் தொடங்கிய ஐவரில் மணியமும் ஒருவர். மற்றவர்கள் நாடக இயக்குநர் கிரிஷன் ஜித், நடனக் கலைஞர் மேரியன் டி குரூஸ், ஓவியர் ரெட்ஸா பியாடாசா, நாடக இயக்குநர் சின் சான் சூய். நாடகம், நடனம், ஓவியம், எழுத்து எல்லாம் ஒரே கூரையின் கீழ் முட்டி மோதவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். தோட்டத்து வாழ்க்கையை வைத்து மணியம் எழுதிய ‘தி கார்ட்’ நாடகத்தைக் கிரிஷன் ஜித் மேடையேற்றினார். கெடாத் தோட்டத்து வியர்வை தலைநகரின் ஆங்கில நாடக மேடையில் ஏறியது அப்படித்தான். கிரிஷன் ஜித் வரலாற்றுப் பேராசிரியரும்கூட. நாடகமும் வரலாறும் அவருக்கு ஒரே வேலையின் இரு கை. 2005-இல் அவர் காலமானார். அவர் போட்ட விதை, அடுத்த தலைமுறையில் மார்க் தே என்ற இளைஞரிடம் முளைத்தது.

மார்க் தே பல ஆண்டுகள் பாலிங் பேச்சுவார்த்தையின் எழுத்துப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வெவ்வேறு வடிவில் செய்து பார்த்தார். 2015-இல் ‘பாலிங்’ என்ற பெயரிலேயே அது முழு வடிவம் பெற்று, தென் கொரியாவின் குவாங்ஜூ நகரத்து ஆசியக் கலை அரங்கில் நிகழ்ந்தது; பிறகு ஜப்பான் உள்ளிட்ட நாடுகளுக்கும் போனது. நடித்தவர்கள் நால்வர்: மூத்த நடிகை ஆன் ஜேம்ஸ், ஃபாமி ஃபாட்சில், ஃபாயிக் ஷஸ்வான் குஹிரி, இம்ரி நசுத்தியோன். இவர்களில் ஃபாமி ஃபாட்சில்தான் பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினராகி, 2022 டிசம்பரிலிருந்து தொடர்புத் துறை அமைச்சராகவும் ஆனவர். அரங்கத்தில் துங்குவின் சொற்களையும் சின் பெங்கின் சொற்களையும் வாயில் போட்டுப் பார்த்த ஒருவர் அமைச்சரவையில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

‘பாலிங்’ நிகழ்வில் வழக்கமான மேடை இல்லை. வந்தவர்கள் தரையில் உட்காருகிறார்கள். சுற்றிலும் காகிதங்கள், பழைய புகைப்படங்கள். நடிகர்கள் வேடம் கட்டவில்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு 1955-இல் பேசிய பேச்சை அப்படியே வாசிக்கிறார்கள். இப்போது துங்குவாக வாசித்தவர் சற்று நேரத்தில் சின் பெங்காக வாசிக்கிறார். அதே சொல் வேறு வாயில் வேறு சொல்லாகிறது. ‘சரணடைதல்’ என்பதை ஒரு பெண் வாசிக்கும்போது அதன் எடை மாறுகிறது. நடிகர்கள் அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக, பார்வையாளரும் எழுந்து திரும்பி உட்காரவேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் முன்பக்கம் என்பது நிச்சயமில்லை. நடுவில் நடிகர்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொல்கிறார்கள்: சின் பெங் என்ற பெயரை முதலில் எங்கே கேட்டோம், பள்ளிப் புத்தகம் என்ன சொன்னது, பத்திரிகை எந்த முகத்தைக் காட்டியது.

அதற்குள் ஒரு படமும் இருக்கிறது. இம்ரி நசுத்தியோன் அடிப்படையில் படக்காரர். முதுமையில் தாய்லாந்தில் இருந்த சின் பெங்கைப் படம் பிடித்தவர்களில் ஒருவர். அந்தப் படத்துண்டுகள் அறையில் ஓடுகின்றன. 1955-இல் காரிலிருந்து இறங்கிய அந்த இளைஞரைத் தேடி வந்தவர்களுக்கு முன்னால், நினைவு தளர்ந்த ஒரு கிழவர். பிறந்த சித்தியவானுக்குத் திரும்பவேண்டும் என்று வழக்காடித் தோற்ற மனிதர் அவர். 2013 செப்டம்பர் 16-இல் பாங்காக்கில் இறந்தார். அவருடைய சாம்பலைக்கூட உள்ளே விடமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ இந்த நிகழ்வு தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் ஆட்கள் தோட்டங்களில் செய்த கொலைகளை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. நானும் மறக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தரையில் உட்கார்ந்தவர், வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தானே யோசித்தாகவேண்டும்.

கொல்கத்தாவில் பாதல் சர்க்கார் மேடையைக் கைவிட்டு, பார்வையாளர் நடுவிலேயே நடித்தார். 1980-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகத்தையே அசைத்தது. அந்த வழியில் வந்த நாடகங்கள் பார்வையாளரைத் தட்டி எழுப்பின. ‘பாலிங்’ அதிலிருந்தும் ஓர் அடி தள்ளி நிற்கிறது. அது பார்வையாளரை எழுப்பிக் கோஷம் போடச் சொல்லவில்லை. மேசையைச் சுற்றி நாற்காலி கிடைக்காத இடத்தில் அவரை உட்கார வைக்கிறது. அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரியும். என் பெற்றோருடையது.

என் மதிப்பீட்டில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கெடா மண்ணைப் பற்றிச் செய்யப்பட்ட கலைகளில் இதற்கு இணையானது குறைவு. ஒரே ஒரு மனக்குறை உண்டு. நான்கு பேர் வாசிக்கிற அந்தப் பதிவில் இல்லாத குரல், அங்கே அழைக்கப்படாத தோட்டத்துக் குரல். அதை அவர்கள் செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாம் செய்யவேண்டியது அது. பாலிங்கில் பேச்சு நடந்த அந்த இரண்டு நாளும் கெடாத் தோட்டங்களில் மரம் வெட்டினார்கள், பால் எடுத்தார்கள், நிறுத்தார்கள், ராத்திரி வேலிக்குள் வந்து படுத்தார்கள். 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து பாலிங் சிறுதோட்டக்காரர்கள் பசியோடு தெருவுக்கு வந்தபோது கோலாலம்பூர் மாணவர்கள் அவர்களுக்காகத் திரண்டார்கள். அன்வார் இப்ராஹிம் சிறைபோனார். அந்த மலாய் விவசாயிகளின் குரல் அப்படியாவது தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தது. முள்வேலிக்குள் இருந்த தமிழரின் 1955 இன்னும் யார் வாயிலும் ஏறவில்லை.

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம் போதும், ஒரு கோயில் கொட்டகை போதும். ஒரு வெள்ளைத் துணி, இரண்டு கம்பம், எண்பது தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் சிலர், அவர்கள் சொன்னதை எழுதி வாசிக்க நாலு பிள்ளைகள். பெரியவர்கள் வேகமாகக் குறைந்து வருகிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்களில் லயமிருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் எழும்பிவிட்டது. எங்கள் பந்துத் திடல் இருந்த இடத்தில் இப்போது கடைவரிசை. துணி கட்டிய கம்பம் எங்கே நட்டிருந்தார்கள் என்று என்னால் காட்டமுடியும். இன்னும் பத்து வருடம் கழித்து அப்படிக் காட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கெடாவின் எந்தத் தோட்டத்திலாவது அவசரகாலத்தில் தகவல் இலாகா வேனில் படம் பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்காருங்கள். தோட்டத்தின் பெயர் என்ன, எந்தப் பக்கம் உட்கார்ந்தார், தமிழில் விளக்கம் சொன்னவர் என்ன சொன்னார், வேலிக்கதவை எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், 1955 கடைசியில் பாலிங் பற்றி லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். தாளிலும் தேதியோடு எழுதி வையுங்கள். இதழ் முகவரிக்கு அனுப்பினால் இந்தத் தொடரில் சேர்த்துக்கொள்வேன்.

அடுத்த இதழில் லுனாஸ்.